நாளை டியூட்டி சார்ட் போடப்போகும் அம்மாவுக்கு

இதை யாரிடமும் காட்டாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்து முடித்ததும் நாலாக மடித்து உன் யூனிஃபார்ம் பைக்குள் போட்டுக்கொள், ஆஸ்பத்திரியில் வைத்துக் கிழித்துவிடு. குவைத்துக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜென்ட் அப்பாவுடன் நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நீ வருவாய் என்று அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நாளை சாயங்காலம் அவர் உன் பாஸ்போர்ட்டை வாங்க வரும்போது நீ கொடுக்காமல் நின்றால், அதற்குக் காரணம் நான் எழுதிய இந்தத் தாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று நீ சொன்னாய், "இனிமே கம்ப்யூட்டர் பேச்ச எடுத்தா நாக்க அறுத்துடுவேன், பரிச்சைக்குப் படி" என்று. நான் பேசவில்லை. எழுதுகிறேன்.

கன்னடத்தில் எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நீ மார்டள்ளியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கன்னடத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் கற்ற தமிழை வைத்து எழுதுகிறேன். இன்னொன்று. போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தபோது, "எங்கம்மா கூட என்னை இந்தத் திட்டு திட்டினதில்ல, நீதாண்டி எனக்கு அம்மா. சொல்லும்மா, அடுத்தது எத அமுக்கறது?" என்று சிரித்தாயே. அந்த வார்த்தையை நான் இன்று ஒரு நாளைக்குப் பிடித்துக்கொள்கிறேன். நீ என் வளர்ந்த மகள். வீட்டை விட்டுப் போகப்போகிறாய். போகிற மகளுக்கு அம்மா சொல்வது போல நான் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

உன் இடுப்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நீ வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையை என்னை இழுத்து வைக்கச் சொன்னாய், அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாகப் பேஷண்டுகளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்த இடுப்பு அது. இனிமேல் வார்டு வேலை கூடாது. இன்சார்ஜ் மேடம் நல்லவர்கள். வேலையை விட்டு நிறுத்தாமல், "ஆபீஸ்ல குத்துக்கோ சிஸ்டர், நர்ஸுங்க டியூட்டி சார்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல நீ மாடு. பரல்லான்னா கலி" என்றார்களாம். உட்கார்ந்துகொள், செய், வராவிட்டால் கற்றுக்கொள் என்று அவர்கள் பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொன்னதை நீ நடித்துக் காட்டினாய், நாம் இருவரும் சிரித்தோம். நாளைக் காலை மேடம் உன்னை உட்காரவைத்து, அடுத்த மாத சார்ட்டைப் போடச் சொல்லிப் பார்க்கப்போகிறார்கள். போட்டுவிட்டால் அந்த நாற்காலி உனக்கு. இல்லாவிட்டால் குவைத்தில் யாரோ ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ போவாய், நான் கொள்ளேகாலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலுக்குப் போவேன். "தூக்கற வேலையே இல்ல, கையப் புடிச்சு நடத்துனா போதும்" என்கிறார் ஏஜென்ட். படுக்கையில் கிடக்கும் பாட்டியைத் தூக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா?

உனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாளை நினைத்துப் பார். தலைப்பை நடுவில் கொண்டுவர நீ என்ன செய்தாய்? ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி அந்த வார்த்தையை வலதுபக்கம் தள்ளினாய், கட்டிலில் பேஷண்டை நகர்த்துவது போல. கொஞ்சம் தள்ளுவது, தள்ளி நின்று பார்ப்பது, "இன்னும் கொஞ்சம்" என்பது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்னே இருடி. சிரிக்கறதுக்கா கூப்ட்டேன்?"

"தள்ளாதம்மா, அது ஒடம்பு இல்ல. அந்தக் கட்டத்த ஒரு தடவ தொடு. மேல கோடு கோடா ஒரு படம் இருக்குது பார், நடுக்கோடு. அத அமுக்கு."

அமுக்கினாய். தலைப்பு தானாக நடுவில் வந்து நின்றது. "ஓகோ, சொன்னா தானே போயிக்குமா? நம்ம வார்டுல ஒருத்தரும் அப்டிப் போறதில்லையே" என்றாய். அந்த ஒரு நிமிடத்திலேயே உனக்குப் பாதி வந்துவிட்டது, அம்மா. முதலில் தொட வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும். ஊசி போடுவதற்கு முன் கட்டில் நம்பரையும் பெயரையும் பார்க்கிறாயே, அதேதான் இது. எந்தக் கட்டம் என்று காட்டாமல் மேலே எந்த பட்டனை அழுத்தினாலும் வேறு யாருக்கோ ஊசி விழும். நிறைய கட்டங்கள் வேண்டுமானால் முதல் கட்டத்தில் மவுஸை அழுத்திப் பிடித்தபடியே கடைசிக் கட்டம் வரை இழு. நிறம் மாறிக் காட்டும். அதுவரைதான் உன் பேஷண்ட்.

அடுத்த நாள் தேதி போட்டாய். கட்டம் முழுக்க ஜன்னல் கம்பி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வந்தன. நீ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாய். "நான் ஒன்னும் பண்ணல, அதுவா கம்பி போட்டுக்கிச்சு!" அது கோபத்தில் செய்யவில்லை அம்மா. தேதி உள்ளேதான் இருந்தது, கட்டம் ஒல்லியாக இருந்ததால் அதற்கு நிற்க இடமில்லை. மேலே A, B, C என்று வரிசையாக இருக்கும் எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோட்டில் மவுஸை வைத்து இரண்டு தடவை தட்டினால் கட்டம் தேவையான அளவு அகலமாகிவிடும். நாளைக்கு மேடம் எதிரில் கம்பி வந்தால் எழுந்திருக்காதே. உட்கார்ந்தபடியே இரண்டு தட்டு. நர்ஸுகளின் பெயர் நீளமாக இருந்து பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்தால் 'ராப் டெக்ஸ்ட்' என்ற பட்டன். பெயர் மடிந்து இரண்டு வரியாக உட்காரும்.

ஸ்டாஃப் நம்பரில் நீ பட்டபாடு எனக்கு மறக்கவில்லை. பூஜ்யம் பதினாலு என்று அடித்தால் வெறும் பதினாலு என்று நின்றது. மறுபடி அடித்தாய், மறுபடியும் அதேதான். "ஏங்கண்ணு, இது என்னோட பூஜ்யத்தத் திங்குது" என்று என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டாய். நம்பர் என்று நினைத்தால் அது முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு மதிப்புக் கொடுக்காது. அதனால் எழுதுவதற்கு முன்னாலேயே அந்த நெடுக்கு வரிசை முழுவதையும் தொட்டு, கன்ட்ரோலையும் ஒன்றையும் சேர்த்து அழுத்து. ஒரு பெட்டி திறக்கும். அதில் நம்பர் என்கிற பக்கத்தில் 'டெக்ஸ்ட்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடு. முன்னாலேயே செய்ய வேண்டும், அதை மறக்காதே. அது தின்றுவிட்ட பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினால் பூஜ்யம் திரும்பி வராது, நீதான் மறுபடி அடிக்க வேண்டும். இந்தப் பெட்டி நல்ல பெட்டி. எழுத்து, கோடு, நிறம், எல்லாவற்றுக்கும் அதிலேயே தனித்தனிப் பக்கம் இருக்கிறது. மேலே உள்ள படங்கள் பதற்றத்தில் மறந்துபோனால் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

நைட் டியூட்டிக்குச் சிவப்பு அடித்தது உன் தப்பே இல்லை. வார்டில் ராத்திரிக் குறிப்புகளைச் சிவப்பு மையில்தானே எழுதுவீர்கள், கை அதற்குப் பழகிவிட்டது. எல்லா 'N'களுக்கும் பின்னால் நல்ல ரத்தச் சிவப்பாக நிரப்பிவிட்டு, "இப்பப் பார்த்தா யாருக்கு ராத்திரின்னு தூரத்துலருந்தே தெரியும்" என்று பெருமையாகச் சொன்னாய். மாடி வீட்டு சௌமியா அக்காவின் பிரின்டரில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கட்டங்கள் எல்லாம் கரிக்கட்டையாக வந்தன. கறுப்பு வெள்ளைப் பிரின்டருக்குச் சிவப்பும் இருட்டுதான். உங்கள் ஆபீஸ் பிரின்டரும் அப்படித்தான் என்று நீயே சொன்னாய். அதனால் நாளைக்கு நிறமே வேண்டுமென்றால் வெளிர் சாம்பல் போடு, எழுத்தைத் தடிப்பாக்கு. சுவரில் ஒட்டப் போகிற தாள் அது. நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய வருகிற பெண் ஒருத்தி அதைப் பார்த்து அடுத்த வாரம் தன் பிள்ளையோடு எந்த ராத்திரி இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்காகப் போடு. நீயும் அப்படி நின்று பார்த்தவள்தானே. அந்தத் தாளில் உன் பெயருக்கு நேரே என்ன எழுத்து என்பதுதான், நான் சின்ன வயதில் யார் பக்கத்தில் தூங்கினேன் என்பதைத் தீர்மானித்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதை எழுதத்தான் இதையெல்லாம் எழுதினேன்.

மேடம் பென் டிரைவில் கொடுத்த போன மாத சார்ட்டை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாய். தேதி சரியாக இருந்தது, கோடுகள் போட்டிருந்தாய், பார்க்க ஆபீஸ் தாள் மாதிரியே இருந்தது. ஆங்கில எழுத்து ஒரு மாதிரியும் கன்னடப் பெயர்கள் வேறு மாதிரியும் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே எழுத்து குடும்மா, நீட்டா இருக்கும்." நான் சொன்னபடியே நீ எல்லாவற்றையும் தொட்டு ஃபான்டை, அதாவது எழுத்துருவை, மாற்றினாய். நர்ஸுகளின் பெயர்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் என்னென்னவோ கொக்கிகளும் நின்றன. நீ திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "ரத்னம்மா எங்க? மஞ்சுளா எங்கடி? ஐயோ, ஒருத்தரையும் காணோமே" என்று கேட்டாய். வார்டில் ஆளைக் காணாமல் தேடுகிற குரல் அது. எனக்கும் என்ன ஆனது என்று தெரியவில்லை. நான் சொல்லித்தான் நடந்தது என்று அப்போது என் வாயில் வரவில்லை, நீயும் என்னைக் கேட்கவில்லை. "அது என் கைக்கு ஆவாது, வுடு" என்று சொல்லி அப்படியே சேமித்து மூடிவிட்டாய். கன்னடத்தில் அத்தனை பெயரையும் மறுபடி அடிக்க உன்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்றபடி ஏஜென்டுக்கு போன் போட்டு, "பாஸ்போர்ட் ரெடியா இருக்குதுங்க, செவ்வாக்கெழம வாங்க" என்று நீ சொன்னதை நான் கேட்டேன். அப்பா வந்ததும், "ரெண்டு வருசம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்" என்றார். நீ சாம்பாரில் உப்புப் பார்த்தாய்.

இன்று சாயங்காலம் நீ ஜெபமாலைக்குப் போயிருந்தபோது நான் லேப்டாப்பைத் திறந்தேன். திட்டுவாய், தெரியும். பரீட்சைக்குப் படிக்காமல்தான் திறந்தேன். உன் சார்ட்டை நான் தொடவில்லை, அதை நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் பார்த்தேன். ஒரு பெயர் இருந்த கட்டத்தைத் தொட்டேன். எழுத்தின் பெயர் இருக்கும் இடத்தில் நாம் மாற்றிய அந்த ஆங்கில எழுத்தின் பெயர் இருந்தது. சரி, இதை மாற்றியதால்தானே போயிற்று, வேறொன்றை மாற்றிப் பார்ப்போம் என்று அந்தப் பட்டியலில் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். கொக்கிகள் வளைந்தன, நிமிர்ந்தன, ஒன்றும் பெயராகவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. விடவில்லை. சௌமியா அக்கா அரசாங்கப் பரீட்சைக்காகக் கன்னடத் தட்டச்சு பழகும் லேப்டாப் இது, கன்னட எழுத்து இதில் இல்லாமல் போகாது என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தட்டில் ரத்னம்மா வந்து நின்றாள். அம்மா, நான் சத்தமாகக் கத்திவிட்டேன்! பெயர்கள் இருந்த வரிசை முழுவதையும் தொட்டு அதே எழுத்தைக் கொடுத்தேன், மஞ்சுளா வந்தாள், எல்லாரும் வந்தார்கள். கடைசி வரியில் கன்னடத்தில் உன் பெயரும் வந்தது.

ஒருவரும் எங்கேயும் போகவில்லை. அந்தப் பழைய மாதிரிக் கன்னட எழுத்தில் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கிலக் குறிகள்தான். கன்னட முகத்தைக் கொடுப்பது அந்த எழுத்துரு. நாம் முகத்தைத்தான் மாற்றினோம், ஆட்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தடிப்பாக்கினாலும் சாய்த்தாலும் நிறம் அடித்தாலும் கட்டத்துக்குள் இருப்பது அழியாது, திரும்ப மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. பல கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கிற 'மெர்ஜ்' பட்டன் இருக்கிறதே, அதை எழுத்து இருக்கும் கட்டங்களில் போட்டால் முதல் கட்டத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும். எறிவதற்கு முன் கேட்கும். கேட்கும்போது பயத்தில் 'ஓகே' அழுத்திவிடாதே, 'கேன்சல்' அழுத்து. தலைப்புக்கு மட்டும் மெர்ஜ். மற்றதற்கெல்லாம் தைரியமாக இரு. தப்பு வந்தால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்து, ஒரு படி பின்னால் போகும். மேடம் எதிரில் அழுத்தினாலும் வெட்கமில்லை, எங்கள் பள்ளியில் எல்லாருமே அழுத்துகிறார்கள்.

உன் சார்ட்டை நான் சரிசெய்து வைக்கவில்லை. செய்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். நாளைக்கு மேடம் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன், பள்ளியில் இருப்பேன். கோணல் கொக்கிகளை உன் கையால் தொட்டு, உன் கையாலேயே ரத்னம்மாவை வரவழைத்தால்தான் அந்த நாற்காலியில் உன்னால் பயமில்லாமல் உட்கார முடியும். அந்தக் கன்னட எழுத்தின் பெயரை இந்தத் தாளின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன், பட்டியலில் பார்த்துத் தேடிக்கொள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போ. தோசை வேண்டாம், நான் ரொட்டி தின்றுவிட்டுப் போய்விடுவேன்.

உனக்கு இது முடியாமல் போனாலும் நான் அழ மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுதக் கூடாது. அழுவேன். ஹாஸ்டலுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கே யாரோ ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் ஓடி வர யாரும் இருக்க மாட்டார்கள், அதுதான் அதைவிடப் பயம். ஆனால் பயந்துகொண்டே எழுதுகிறேன் பார், அது மாதிரி நீயும் பயந்துகொண்டே போ. மேடம் ஏதாவது கேட்டுப் புரியாவிட்டால், "கொத்தில்ல மேடம், நோடி மாட்தீனி" என்று சொல்லிவிடு. தெரியாது, பார்த்துச் செய்கிறேன் என்று சொல்ல உனக்கு வார்டில் கூச்சம் இருந்ததே இல்லை. டாக்டரிடமே சொல்லியிருக்கிறாய். சாயங்காலம் ஏஜென்ட் வந்தால் பாஸ்போர்ட்டை நீ எடுக்காதே. அப்பாவிடம் நான் பேசுகிறேன். எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை, ஆனால் நான்தான் பேசுவேன். என் மகளை நான் அனுப்புவதாக இல்லை என்று

கதவைத் தட்டும் சத்தம். டார்ச்சை அணைத்துவிட்டேன், இருட்டிலேயே எழுதுகிறேன். அப்பா இல்லை. நீதான்.

"ஏ கண்ணு, முழிச்சிட்டுதான இருக்க? ஹால்ல ஒக்காந்து புதுசா ஒரு சார்ட் போட்டுப் பார்த்தேன். ஞாயித்துக்கெழமைக்கெல்லாம் மஞ்ச அடிச்சேன், தெரியாம திங்கக்கெழமைக்கும் வந்துருச்சு. அந்த மஞ்சள மட்டும் எப்டி எடுக்கறது? கொஞ்சம் எந்திரிச்சு வாம்மா"